நாற்பத்தோராவது கொண்டை ஊசி

புருஷர்கள் பத்திரப்படுத்தி வைக்கும் டப்பாக்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்றிரண்டு இருக்கும். எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி, தலை மழுங்கிய திருகாணி, ஓடாத கடிகாரத்தின் சக்கரம் இவையெல்லாம் என்றைக்கோ ஒரு நாள் உதவப் போகின்றன என்பது அவர்களுடைய திடமான நம்பிக்கை. "வீசி எறிந்துவிடட்டுமா?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அப்புறம் அன்று பூராவும் வீட்டில் பேச்சு வார்த்தை இராது.

எங்கள் வீட்டில் மூன்று பிஸ்கட் டப்பாக்கள் முப்பத்தொன்பது வருஷ காலம் பரணில் குடியிருந்தன. மூடியின் மேல் 1, 2, 3 என்று என் கணவர் பெயிண்டால் எழுதியிருந்தார். தீபாவளிக்குத் தீபாவளி அவற்றை இறக்கித் தூசி தட்டி மறுபடியும் ஏற்றுவது என் வேலை. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒரு ஜீப்பின் ஸ்டீரிங் சாமான்கள். டப்பாவில் அடங்காத நீளக் குழாய் மட்டும் சாக்கில் சுற்றி, ஜீப் நிற்கும் கொட்டகையின் மூலையில் சாத்தியிருந்தது. டப்பாவுக்குள் இன்னொன்றும் இருந்தது என்பது 2023-ஆம் வருஷந்தான் எனக்குத் தெரிய வந்தது.

முதலில் ஜீப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது சாதாரண வண்டி அல்ல. இரண்டாவது மகா யுத்தத்துக்குப் போய் வந்த வண்டி. 1940-ஆம் வருஷம் அமெரிக்க ராணுவம், "காடு மேடு எல்லாம் ஏறக்கூடிய சின்ன வண்டி ஒன்று வேண்டும், மாதிரி வண்டியை 49 நாளில் கொண்டு வந்து நிறுத்த வேண்டும்" என்று மோட்டார்க் கம்பெனிகளுக்குக் கெடு வைத்தது. பான்டம் என்ற சின்னஞ்சிறு கம்பெனிதான் துணிந்து அந்தக் கெடுவுக்குள் செய்து, செப்டம்பர் 23-ஆம் தேதி கொண்டு போய் நிறுத்தியது. பிற்பாடு வில்லீஸ், ஃபோர்டு என்ற இரண்டு பெரிய கம்பெனிகள் ஒரே அச்சில் வார்த்தது போல ஆறு லட்சத்துக்கு மேல் செய்து குவித்தன. பர்மாப் பக்கம் சண்டை நடந்ததல்லவா? அதற்காக நம் தேசத்தில் வந்து இறங்கியவை பல. யுத்தம் முடிந்ததும் அவை உபரிச் சாமான்களோடு ஏலத்துக்கு வந்தன. அப்படி ஏலம் எடுத்த ஒருவரிடமிருந்து 1947-இல் என் மாமனார் ஒன்றை வாங்கினார். வால்பாறை எஸ்டேட்டுகளுக்கு மளிகைச் சாமான் சப்ளை செய்துகொண்டிருந்தார் அவர். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஏறும் மலைப் பாதையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். அந்தப் பாதைக்கு இந்த வண்டியை விட்டால் வேறு கதி இல்லை என்பார்.

கடைசி வரையில் மாமனார் அதை "வில்லீஸ்" என்றேதான் அழைத்தார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் என் பேத்தி அதன் அடியில் படுத்து, திருகாணித் தலைகளில் எல்லாம் சின்னதாக ஓர் ஆங்கில 'எஃப்' எழுத்து இருப்பதைக் கண்டுபிடித்தாள். ஃபோர்டு கம்பெனிக்காரர்கள் தாங்கள் செய்த உறுப்புகளில் அப்படி முத்திரை குத்துவது வழக்கமாம். மாமனாரின் ஆத்மா சாந்தியடைய வேண்டும் என்பதற்காக நாங்கள் இன்னும் வில்லீஸ் என்றே சொல்லி வருகிறோம்.

அமெரிக்க வண்டியானதால் ஸ்டீரிங் இடது பக்கம். நம் ஊரில் அது எவ்வளவு சங்கடம் என்பது ஓட்டுகிறவருக்குத் தெரியாது. வலது பக்கம் உட்காருகிறவளைக் கேட்க வேண்டும். முன்னால் போகிற லாரியைத் தாண்ட வேண்டுமானால், எதிரே பஸ் வருகிறதா என்று கழுத்தை நீட்டிப் பார்த்து, "வருதுங்க", "இல்லீங்க" என்று சொல்ல வேண்டியது நான். கல்யாணமான நாள் முதல் பத்து வருஷம் இந்த உத்தியோகம் பார்த்தேன். சம்பளம் கிடையாது.

1984-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வால்பாறையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். எங்கள் மகளுக்கு அப்போது ஐந்து வயசு. என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். பத்தாவது வளைவைத் தாண்டி, கீழே ஆழியாறு அணையின் தண்ணீர் தெரிகிற இடம். திடீரென்று இவர் கையில் ஸ்டீரிங் சக்கரம் கிணற்று ராட்டினம் மாதிரிச் சுழன்றது. நான் கத்தினேனா இல்லையா என்பதே ஞாபகம் இல்லை. வண்டி மலைப் பக்கமாகத் திரும்பி, ஓரத்துச் சாக்கடையில் இறங்கிப் பாறையில் மோதி நின்றது. மறுபக்கம் திரும்பியிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். குழந்தைக்கு நெற்றியில் ஒரு வீக்கம். எனக்கு இரண்டு வளையல் போயிற்று. அவ்வளவுதான்.

"பழைய வண்டி. ஸ்டீரிங் பெட்டி உள்ளே உடைந்துவிட்டது. எப்படியோ மலைப் பக்கம் ஒடித்துத் திருப்பிவிட்டேன்" என்றார் இவர். என் மாமியார் திருஷ்டி கழித்து, "என் மகன் கைக்குத் தங்கக் காப்புப் போடணும்" என்றார். கையோடு, அந்த ஜீப் இனிமேல் கொட்டகையை விட்டு வெளியே வரக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார். எஸ்டேட் லாரியில் கட்டி இழுத்து வந்து கொட்டகையில் விட்ட ஜீப்பின் ஸ்டீரிங்கை இவர் ஒரே வாரத்தில் கழற்றிப் பிரித்து டப்பாக்களில் போட்டு மூடினார்.

நான் அந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்கிறீர்கள்! பெண் பார்க்க வந்தவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். அது மட்டுமா? அந்தப் பயத்தில் என் மகளைப் பள்ளிக்கூட உல்லாசப் பிரயாணத்துக்குக்கூட மலைக்கு அனுப்பாமல் வளர்த்தேன். மற்றப் பெண்கள் எல்லாம் ஊட்டிக்குப் போனபோது அவள் திண்ணையில் உட்கார்ந்து அழுதது இன்றைக்கும் என் கண் முன்னால் நிற்கிறது.

இப்படியிருக்க, 2023-ஆம் வருஷம் ஐப்பசி மாதத்தில் என் மகள் வயிற்றுப் பேத்தி காலேஜ் படிப்பை முடித்துவிட்டு எங்கள் தோப்பு வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். "அப்பிச்சி, ஜீப்பை எடுக்கலாம்" என்றாள். மாமியார் காலமாகி வெகு காலம் ஆகிவிட்டது. தடுப்பார் யாரும் இல்லை. என் கணவர் ஒரு நிமிஷம் பிரகாசமானார். மறு நிமிஷம் தம்முடைய வலது கையைப் பார்த்துக்கொண்டார். இரண்டு வருஷமாக அந்தக் கை நடுங்குகிறது. பார்க்கின்ஸன் வியாதி என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். காபி தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிக்கிறார். அவர் வாயால், "என்னால் முடியாது" என்று சொல்ல விடக் கூடாதே என்றுதான் நான் குறுக்கே புகுந்தேன்.

"நீங்க கட்டிலில் உக்காந்து சொல்லுங்க. நான் மாட்டறேன்" என்றேன்.

பேத்தி சிரித்தாள். இவர் சிரிக்கவில்லை. "எங்கே, டப்பாவை இறக்கு" என்றார்.

ஸ்டீரிங் என்றால் கையால் பிடிக்கும் சக்கரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்தச் சக்கரத்துக்குக் கீழே ஒரு நீளமான உள்குழாய் போகிறது. அதன் அடிமுனையில் திருகாணிப் புரி போல ஆழமாகப் பள்ளம் வெட்டிய ஓர் உருளை இருக்கிறது. அந்த உருளை ஓர் இரும்புப் பெட்டிக்குள் சுழல்கிறது. பெட்டிக்குள் குறுக்கே வரும் இன்னொரு தண்டில் இரண்டு முளைகள்; அவை புரிப் பள்ளத்தில் விரல் வைத்த மாதிரி பதிந்திருக்கும். நாம் சக்கரத்தைத் திருப்பினால் புரி முளைகளைத் தள்ளும், தண்டு திரும்பும், தண்டின் வெளிமுனையில் தொங்கும் டிராப் ஆர்ம் என்ற கை முன்னும் பின்னும் ஆடும், அது டிராக் லிங்க் என்ற கழியைத் தள்ளி, கழி முன் சக்கரங்களைத் திருப்பும். ராஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி செய்த பெட்டி. மூளை உள்ள மனிதன் எவனோ யோசித்திருக்கிறான்.

பெட்டியைத் திறந்ததும், புரியின் நடுப்பாகம் மட்டும் அம்மிக்கல் மாதிரி தேய்ந்து குழிந்திருந்தது. நேர் ரோட்டில் போகும்போது முளைகள் நிற்கும் இடம் அதுதானாம். அதனால் தேய்மானம் அங்கேதான் அதிகம். அதோடு மாமனார் கைங்கரியமும் ஒன்று உண்டு. பெட்டிக்குள் கியர் ஆயில் ஊற்ற வேண்டும். அவர் ஒழுக்குக்குப் பயந்து வருஷக் கணக்காகக் கிரீஸை அடைத்து வைத்திருந்தார். எண்ணெய் என்றால் ஒதுக்கின இடத்துக்குத் திரும்பி வழிந்து வரும். கிரீஸ் ஒதுக்கின இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். தேய்கிற இடத்தில் பசையே இராது.

தேய்ந்திருந்ததே தவிர, பெட்டிக்குள் உடைந்தது ஒன்றும் இல்லை. அது அப்போதே என் மனசில் லேசாகப் பட்டது. ஆனால் கேட்கவில்லை.

புதுப் புரிக்குழாயைப் பேத்தி அமெரிக்காவிலிருந்து தருவித்தாள். தண்டு சுழலும் புஷ்களைக் கோயமுத்தூரில் கடைந்து வாங்கினோம். அந்த ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு லேத் பட்டறையில்தான் விழ வேண்டும். ராணுவம் 1944-இல் அச்சிட்ட பழுது பார்க்கும் புஸ்தகத்தின் பிரதியும் வந்து சேர்ந்தது. டி.எம். 9-803 என்று பேர். அதைப் பேத்தி படித்துச் சொல்வாள், இவர், "அதெல்லாம் எனக்குத் தெரியும்" என்பார், நான் மாட்டுவேன். இதுதான் ஏற்பாடு.

முதல் நாள் வேலை பால் பேரிங். புரியின் இரு தலைப்பிலும் இரும்புக் கிண்ணங்கள். கிண்ணத்துக்குள் குண்டுகளைச் சுற்றிலும் அடுக்கி, மெல்லிய வளையத்தைப் போட்டு அவை உதிராமல் நிறுத்த வேண்டும். கிண்ணத்தில் கிரீஸைத் தடவி, குண்டு குண்டாக எடுத்து ஒட்ட வைத்தேன். இவர் பொறுக்க மாட்டாமல் ஒரு குண்டைத் தாமே எடுத்தார். கை நடுங்கி அது தவறிக் கீழே விழுந்து, சிமெண்டுத் தரையில் டக் டக்கென்று குதித்து எங்கேயோ ஓடிவிட்டது. மூன்று பேரும் முழங்காலில் தவழ்ந்து தேடினோம். நெல் மூட்டைக்கு அடியிலிருந்து துடைப்பத்தால் தள்ளி எடுப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. இவர் அதற்கப்புறம் எதையும் தொடவில்லை. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதைப் பார்க்க எனக்கு என்னவோ செய்தது.

அடுத்தது ஷிம். வெளிக்குழாயின் அடிமூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் காகிதம் போன்ற மெல்லிய தகடுகள் வைக்கிறார்கள். தகடு அதிகமானால் புரிக்குழாய் மேலும் கீழும் ஆடும். குறைந்தால் பேரிங்கை நெரிக்கும். ஒரு தகட்டை எடுப்பது, மூடுவது, திருப்பிப் பார்ப்பது, மறுபடி திறந்து இன்னொன்றை வைப்பது என்று ஒரு நாள் முழுக்கப் போயிற்று. "ஆட்டமும் இருக்கக் கூடாது, பிடித்தமும் இருக்கக் கூடாது. ரெண்டு விரலால் திருப்பினால் திரும்பணும்" என்றார் இவர். இட்லி மாவுப் பதம் சொல்லித் தெரிகிற விஷயமா? கைதான் கண்டுபிடிக்க வேண்டும். ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ என் கட்டை விரலுக்கு அது தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் முளைத் தண்டை நெருக்க வேண்டும். பக்கத்து மூடியில் அதற்கு ஒரு திருகாணியும் செக் நட்டும் உண்டு. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சக்கரத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் பாதிக்குத் திருப்பி, நட்ட நடுவில் நிறுத்திக்கொண்டுதான் நெருக்க வேண்டும். புரியை நடுவில் சற்று நெருக்கமாகவும் இரண்டு கோடிகளிலும் தளர்வாகவும் வெட்டியிருக்கிறார்கள். கோடியில் வைத்து நெருக்கிவிட்டால் நடுவில் வந்து பிடித்துக்கொள்ளும். நேர் வழியில் போகும்போது வண்டி திரும்ப மறுக்கும்.

ஹாரன் கம்பி வந்தபோது மாத்திரம் நான் யாருடைய யோசனையையும் கேட்கவில்லை. பொத்தானிலிருந்து கம்பி உள்குழாய்க்குள் இறங்கி, கீழே ஒரு பித்தளை வளையத்தில் சேர வேண்டும். பேத்தி கம்பியை மேலிருந்து தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அது பாதியில் சுருண்டு நின்றது. பாவாடைக்கு நாடா கோத்து வளர்ந்தவளுக்கு இது ஒரு பிரமாதமா? விறைப்பான மெல்லிய கம்பி ஒன்றை முதலில் விட்டு, அதன் நுனியில் ஹாரன் கம்பியைக் கட்டி, மறுபக்கம் இழுத்தேன். வந்துவிட்டது. "அமுச்சி, நீ இன்ஜினீயர்!" என்றாள். இவரும் தலையை ஆட்டினார். நாற்பத்தொன்பது வருஷத் தாம்பத்தியத்தில் எனக்குக் கிடைத்த பெரிய சர்டிபிகேட் அது.

பிறகு முழு ஸ்டீரிங்கையும் வண்டியில் ஏற்றினோம். இடது மட்கார்டைக் கழற்றிவிட்டு, பேத்தியும் தோப்பில் காய் பறிக்க வருகிற பையன் ஒருவனும் கீழேயிருந்து தூக்கிக் கொடுக்க, தரைத் தகட்டின் ஓட்டை வழியாகக் குழாயை மேலே வாங்கினேன். பெட்டியைச் சட்டத்தோடு சேர்க்கும் போல்ட்டுகளையும், மேலே டாஷ் போர்டுக்கு அடியில் குழாயைப் பிடிக்கும் கவ்வியையும் முதலில் லேசாகத்தான் மாட்ட வேண்டும். குழாய் தன் இஷ்டப்படி நேராக நின்ற பிறகு, கீழே பெட்டியை இறுக்கி, கடைசியில்தான் மேலே இறுக்குவது. மாற்றிச் செய்தால் குழாய் வளைந்து, எவ்வளவு அருமையாகப் பேரிங் வைத்திருந்தாலும் சக்கரம் பிடிக்கும். டிராப் ஆர்மை அதிலும் தண்டிலும் உள்ள கோடுகள் நேராக வரும்படி மாட்டினோம். ஸ்டீரிங் சக்கரத்தை வைத்து, மரையை முறுக்கி, ஹாரன் பொத்தானையும் போட்டு, எல்லோரும் மோர் குடிக்க உட்கார்ந்தோம். பார்த்தால் முறத்தில் ஒரு குட்டி ஸ்பிரிங் படுத்திருக்கிறது! மேல் பேரிங்கை அழுத்திப் பிடிக்க, சக்கரத்துக்கு அடியில் இருக்க வேண்டிய ஸ்பிரிங். மறுபடியும் புல்லர், மறுபடியும் கழற்றல்.

மூன்றாவது டப்பாவை மறுநாள் காலையில் திறந்தேன். பேத்தி ஆயில் ஸீல் வாங்கக் கோயமுத்தூர் போயிருந்தாள். இவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அந்த டப்பாவில் டிராக் லிங்க்கின் சாமான்கள். கழியின் இரு முனையிலும் ஒரு பந்துமுனை வந்து உட்காரும். அதை இரண்டு கிண்ணங்களுக்கு நடுவில் வைத்து, ஸ்பிரிங் போட்டு, ஒரு திருகு மூடியால் மூடுவார்கள். மூடியை இறுக்கி, பிறகு சற்றுப் பின்னுக்குத் திருப்பி, குறுக்கே ஒரு ஸ்பிளிட் பின்னைச் செருகி, அதன் இரண்டு கால்களையும் விரித்துவிட வேண்டும். நாம் தலையில் செருகும் கொண்டை ஊசியேதான், கொஞ்சம் தடி. அது இல்லாவிட்டால் மூடி வண்டியின் அதிர்ச்சியில் மெள்ள மெள்ளக் கழன்று விழும். மூடி விழுந்தால் பந்து வெளியே வந்துவிடும். அப்புறம் ஸ்டீரிங் சக்கரத்துக்கும் முன் சக்கரத்துக்கும் சம்பந்தமே இல்லை.

ஒரு முனைக்கு எல்லாச் சாமானும் இருந்தது. மறு முனைக்கு ஒன்றும் இல்லை. டப்பாவின் அடியில் தினசரிக் காலண்டர் தாள் ஒன்று பொட்டலமாக மடித்திருந்தது. 1984 ஜனவரி 22, ஞாயிற்றுக்கிழமை. பிரித்தேன். உள்ளே ஒரு ஸ்பிளிட் பின். புத்தம் புதுசு. கால் இரண்டும் நேராக, விரிக்கப்படாமல் இருந்தன.

"ஏனுங்க, இது எதுதுங்க?" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மறுபடியும் கேட்கவும் இல்லை. பெட்டிக்குள் எதுவும் உடையவில்லை என்பது எனக்குத் தெரியும். இந்தக் கழி என்ன செய்கிறது என்பதும் இரண்டு மாதமாகத் தெரியும். டப்பாவை என்னிடம் கொடுத்தபோதே இது வரும் என்று அவருக்கும் தெரிந்துதான் இருக்க வேண்டும்.

"சனிக்கிழமை சாயங்காலம் கிரீஸ் போட்டேன்" என்றார் கடைசியில். "மூடியைத் திருகினேன். அதுக்குள்ளே அம்மா சாப்பிடக் கூப்பிட்டாங்க. வந்து போட்டுக்கலாம்னு பின்னைத் துணி மேலே வெச்சேன். மறந்துட்டேன். அன்னிக்கு ராத்திரி வீடு திரும்பி வந்து கொட்டகையில் பார்த்தேன். துணி மேலயே இருந்துச்சு."

"ஆனா, நீங்கதானே மலைப் பக்கமா ஒடிச்சுத் திருப்புனீங்க?"

"நான் திருப்பலை. வண்டியே திரும்புச்சு. என் கையில் ஒண்ணுமே இல்லை."

சகோதரிகளே, நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்களோ தெரியாது. நான் எழுந்து உள்ளே போய் அடுப்பை மூட்டினேன். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. வேளா வேளைக்கு இலை போட்டேன். கேட்டதற்குத் தலையை அசைத்தேன். பின் போட மறந்தது பெரிதாகப் படவில்லை. பால் பொங்கி வழிய விடாத பெண் உண்டா? தங்கக் காப்புக் கதையைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. மாமியார் அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாரே! மலை என்றால் ஆபத்து, வண்டி என்றால் ஆபத்து என்று நான் குழந்தையைப் பொத்திப் பொத்தி வளர்த்தபோது, "காரணம் மலையும் இல்லை, வண்டியும் இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! அவருக்கும் சுகமாக இருந்திருக்காதுதான். ஒவ்வொரு தீபாவளிக்கும் நான் அந்த டப்பாவை இறக்குவதை அவர் எந்த மனசோடு பார்த்திருப்பார் என்று இரண்டாவது நாள் ராத்திரி நினைத்துப் பார்த்தேன். இருந்தாலும் என் கோபம் முழுவதும் தணியவில்லை. இப்போதும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

மூன்றாம் நாள் காலையில் கழியின் இரு முனையையும் நானே பூட்டினேன். கிண்ணம், பந்து, கிண்ணம், ஸ்பிரிங், புது மூடி. இறுக்கினேன், பின்னுக்குத் திருப்பினேன், துளை நேராக வந்தது. கடையிலிருந்து வந்த புதுப் பின்னை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"இதை நீங்களே போடுங்க."

"என் கையில் முடியாது" என்றார். இத்தனை நாளும் அவர் வாயிலிருந்து வரக் கூடாது என்று நான் பயந்த வார்த்தை அது. வந்தது, ஆகாயம் இடிந்து விழவில்லை.

"நேரமாகட்டும். எனக்கு ஒண்ணும் வேலை இல்லை" என்றேன்.

கால் மணி நேரம் பிடித்தது. பின் துளையைத் தேடித் தேடி விலகியது. இரண்டு தடவை கீழே விழுந்தது, எடுத்துக் கொடுத்தேன். அவர் கையை நான் பிடிக்கவில்லை. வண்டிக்கு அடியில் பேத்தி மூச்சு விடாமல் டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று நான் இன்னும் கேட்கவில்லை. பின் உள்ளே இறங்கியதும் கொறடாவால் ஒரு காலை வளைத்தார். மறு காலையும் வளைத்தார். பிறகு விரலால் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

பிரேக், பாட்டரி, பெட்ரோல் டாங்கி என்று மற்ற வேலைகளுக்குப் பொள்ளாச்சி மெக்கானிக் வந்தார். அவற்றை எல்லாம் வளர்த்தப் போவதில்லை. தை மாதத்தில் என் மகள் வந்திருந்தபோது வண்டியை முதல் முதலாக எடுத்தோம். ரோட்டுக்குப் போகவில்லை, தென்னந்தோப்புக்குள்ளேயே மாட்டு வண்டித் தடத்தில் ஒரு சுற்று. பேத்தி ஓட்டினாள். நான் வழக்கம் போல வலது பக்கம் உட்கார்ந்தேன். இவரும் மகளும் பின் ஸீட்டில். தென்னை மரங்கள் எதிரே வரும்போதெல்லாம் சக்கரம் இரண்டு விரலுக்குத் திரும்பியது. என் கட்டை விரல் சொன்ன பதம் சரியாகத்தான் இருந்தது.

கிணற்றடியில் வண்டியை நிறுத்தினாள். "ஏன் கண்ணு, உங்க அப்பிச்சி இந்த வண்டியை அன்னிக்கு ஒடிச்சுத் திருப்பலைன்னா, நான் ஏது, நீ ஏது?" என்றாள் என் மகள், பேத்தியின் முதுகில் தட்டி. நான் திரும்பவில்லை. முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒரு பூச்சியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின் ஸீட்டில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அம்மிணி, இறங்கி வா. ஒரு விஷயம் சொல்லணும்" என்றார் இவர்.

மகள் அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். இருவரும் கிணற்று மேட்டுப் பக்கம் நடந்தார்கள். அவர் என்ன சொன்னார், அவள் என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியாது. பேத்தி என்னைப் பார்த்தாள். "இன்னொரு சுத்துப் போலாமா, அமுச்சி?" என்றாள். தடத்தின் திருப்பத்தில் ஓர் ஆடு குறுக்கே நின்றது. அவள் ஹாரன் பொத்தானை அமுக்கினாள். அடித்தது.